ஆறாவது புள்ளி

— ஷூவைக் கழட்டிட்டு வாங்க. கடைசியா ஒரு தடவை கேக்குறேன். ரிப்போர்ட் வந்ததா, வரலையா?

— வரல.

— வரலையா, வராதா?

— ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், டீச்சர்?

— இருபத்தெட்டு வருஷமா கணக்கு சொல்லிக் குடுக்குறேன். விடைத்தாள்ல பூஜ்யம்னு எழுதுறதுக்கும் ஒண்ணுமே எழுதாம விடுறதுக்கும் இருக்குற வித்தியாசம். பூஜ்யம் ஒரு விடை.

— உன் கையில மாட்டின பிள்ளைங்க பாவம்.

— கட்டிக்கிட்ட நீங்க பாவம் இல்லையா?

— நான் பழகிட்டேன். முதல்ல ஒரு டீ குடு. ஆறு மணி நேரம் கோல்ட் ஸ்டோரேஜ் கோடவுன்ல, மைனஸ் இருபதுல நின்னுட்டு வர்றேன். காது ரெண்டும் என்னோடது மாதிரியே இல்ல.

— ஃபிளாஸ்க்ல இருக்கு. ஊத்திக்கிட்டே சொல்லுங்க.

— இந்தப் பேப்பரையெல்லாம் கொஞ்சம் நகர்த்தேன். டம்ளர் வைக்க இடம் இல்ல.

— எட்டாம் வகுப்பு பேப்பர். மேல டீ சிந்தினா மார்க் குறைச்சிடுவேன். உங்களுக்கு. சொல்லுங்க.

— கெட்டுப் போச்சாம்.

— எது?

— ரத்தம்தான். வேற என்ன?

— திரும்பவுமா?

— திரும்பவும்தான்.

— ஒரு நிமிஷம் இருங்க. போன தடவை ஐஸ் வச்சு அனுப்பிட்டீங்க. சரி. தெரியாம நடந்தது. மீன், பட்டாணி, ஐஸ்கிரீம்னு கைக்குக் கிடைக்குறதையெல்லாம் உறைய வச்சுப் பழகின மனுஷன். பொண்டாட்டி ரத்தத்தையும் அப்படியே கட்டி அனுப்பிட்டார்னு ஸ்டாஃப் ரூம்ல சொன்னேன், சிரிக்காத ஆள் இல்ல. இந்தத் தடவை என்ன ஆச்சு?

— கூரியர்காரன் எங்கயாவது வெயில்ல போட்டு வச்சிருப்பான்.

— அந்த டியூபுக்குள்ளயே மருந்து இருக்கு. வீட்டுல இருக்குற சூட்டுல ஒரு வாரம் கெடாதுன்னு இந்தத் தடவை நர்ஸ் நம்ம முன்னாடிதானே சொன்னா?

— நர்ஸுக்கு என்ன தெரியும்?

— ஐஸ் வைக்காதீங்கன்னு சொல்லத் தெரியும்.

— இப்ப எதுக்கு குத்துற?

— குத்து வாங்குறது நான். நரம்பு கிடைக்காம மூணு இடத்துல குத்தினா. இந்தாங்க, மஞ்சளா இருக்கு பாருங்க, இன்னும் போகல. அந்த ரெண்டு டியூபுக்காகத்தான் கையை நீட்டிக்கிட்டு உக்காந்தேன்.

— தெரியும்மா.

— அந்த அலமாரிக் கதவைத் திறங்க.

— எதுக்கு?

— திறங்க. உள்பக்கம் ஒட்டியிருக்குற கிராஃப் தாளை வாசிங்க.

— தினமும் சட்டை எடுக்கும்போது பாக்குறேனே...

— வாசிங்க.

— நானும் எட்டாம் வகுப்பா? சரி. முதல் புள்ளி ஆறு பாயிண்ட் ஒண்ணு. அடுத்தது ஒண்ணு பாயிண்ட் ஒன்பது. மூணாவது பாயிண்ட் ரெண்டு. அன்னிக்கு ஹோட்டலுக்குப் போனோம்.

— நாலாவது?

— பாயிண்ட் ஏழு.

— அன்னிக்கு எங்க போனோம்?

— எங்கயும் போகல.

— அஞ்சாவது?

— கட்டம்தான் இருக்கு.

— ஆறாவது?

— அதான் தெரியுதே, விடு.

— ரெண்டு மாசத்துக்கு ஒரு புள்ளி. நாலு மாசமா வெறும் கட்டம். பாயிண்ட் ஏழுன்னா என்னன்னு சொல்லுங்க பாக்கலாம்.

— நெஞ்சுல இருக்குற கட்டி செத்து உதிரும்போது அதோட துணுக்கு ரத்தத்துல கலக்குது. ரத்தத்துல இருக்குற துணுக்குல நூத்துக்கு எத்தனை அதோடதுன்னு எண்ணுறாங்க. டாக்டர் சொல்லும்போது நானும்தான் பக்கத்துல உக்காந்திருந்தேன்.

— ஏறினா?

— அது முழிச்சுக்கிச்சுன்னு அர்த்தம். ஸ்கேன்ல தெரியறதுக்கு முன்னாடியே ரத்தத்துல தெரிஞ்சிடுமாம்.

— பாயிண்ட் ஏழு வந்தப்ப வேற என்ன சொன்னார்?

— அடுத்ததையும் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னார்.

— முழுசா சொல்லுங்க.

— அதான் சொன்னேனே.

— அடுத்தது ரெண்டு மடங்கா வந்தா இந்த மாத்திரையை நிறுத்திடலாம்னார். இனிமே இது வேலை செய்யாதுன்னார். அப்புறம் ஊசி மருந்து, அதை என் உடம்பு தாங்குமான்னு யோசிக்கணும்னார். அப்ப நீங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க. அதுக்காக அவர் சொல்லலைன்னு ஆயிடுமா?

— காதுல விழுந்தது.

— அப்ப அந்த அஞ்சாவது நம்பர்தான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது. அது வரல. ஆறாவதும் வரல. மாத்திரை மட்டும் மாசாமாசம் வந்துக்கிட்டே இருக்கு.

— இன்னிக்குப் போட்டியா?

— என்ன?

— மாத்திரை.

— பேச்சை மாத்தாதீங்க.

— இருமுறியே...

— சாக்பீஸ் தூசி.

— சனிக்கிழமை ஏது சாக்பீஸ்?

— வெள்ளிக்கிழமை தூசி. ஞாயித்துக்கிழமை உங்க பொண்ணு கூப்பிடுவா. என்ன சொல்லட்டும்?

— நல்லாயிருக்கேன்னு சொல்லு.

— அதை அவ கேக்குறதே இல்லையே. எப்படிம்மா இருக்கேன்னு கேட்டு ஒரு வருஷம் ஆச்சு. எடுத்த உடனே, நம்பர் என்னம்மா? அங்க ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்காளாம். பேரன் அது நம்ம வீட்டுப் போன் நம்பர்னு நினைச்சுக்கிட்டு அழுத்திப் பாக்குறானாம்.

— பயந்துபோய்க் கேக்குறா.

— எல்லாரும்தான் பயந்திருக்கீங்க. நடுவுல நான் ஒரு தெர்மாமீட்டர் மாதிரி உக்காந்திருக்கேன்.

— அப்படியெல்லாம் பேசாதே.

— எப்படிப் பேசட்டும்? இருபது வருஷம் அந்த வராண்டாவுல நின்னு சிகரெட் ஊதினது நீங்க. உங்க நெஞ்சுப் படம் கண்ணாடி மாதிரி வந்தது. ஞாபகம் இருக்கா? டாக்டர் ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல மாட்டினார்.

— எனக்கு வந்திருக்கணும்.

— உங்க படத்தைப் பாத்து எனக்குச் சந்தோஷமே வரல. ஒரு நிமிஷம் அதை இழுத்துக் கிழிச்சுப் போடணும்னு இருந்தது.

— இதை இதுவரைக்கும் நீ சொன்னதில்ல.

— சொல்றதுக்கு நேரம் எங்க இருந்தது? வாயைத் திறந்தா நம்பர்தானே?

— உன்னோட வகை புகையால வர்றது இல்லன்னு டாக்டர் சொன்னாரே.

— சொன்னார். என்னைப் பாத்துச் சொல்லல. உங்களைப் பாத்துச் சொன்னார். டீ ஆறுது. குடிங்க.

— போன் அடிக்குது.

— தெரியும். எடுக்குறேன்.

— யாரு? எடுக்காதே. விளம்பரமா இருக்கும்.

— இல்ல. காலையில லேபுக்குக் கூப்பிட்டேன். பாத்துட்டுத் திருப்பிக் கூப்பிடுறேன்னு சொன்னாங்க.

— நீ எதுக்குக் கூப்பிட்ட? நான்தானே அதெல்லாம்...

— அதனாலதான். உக்காருங்க. ஸ்பீக்கர்ல போடுறேன்... ஹலோ?

— வணக்கம் மேடம். லேப்லேர்ந்து பேசுறேன். உங்க சாம்பிள் விஷயமா கேட்டிருந்தீங்க.

— ஆமாம்மா. என்ன ஆச்சு அதுக்கு?

— டியூப் ரெண்டும் உறைஞ்சு வந்தது மேடம். கல்லு மாதிரி. ஒண்ணுல கீறல் விட்டிருந்தது. உள்ள நாலு ஐஸ் பேக் இருந்தது.

— நாலா?

— போன தடவை ரெண்டு. இந்தத் தடவை நாலு மேடம்.

— உறைஞ்சா என்ன? உருகினதும் பாக்க முடியாதா?

— முடியாது மேடம். உறையும்போது ரத்தத்துல இருக்குற நல்ல செல்லெல்லாம் உடைஞ்சிடும். அதோட துணுக்கெல்லாம் வெளியே வந்து கொட்டிடும். நாங்க தேடுறது ரொம்பக் கொஞ்சம். அந்தக் கூட்டத்துல அது முங்கிப் போயிடும். ஏதோ ஒரு நம்பர் வரும், ஆனா அதை நம்பி டாக்டர் ஒண்ணும் செய்ய முடியாது. அதனால நாங்க குடுக்குறதில்ல.

— எங்க வீட்டுக்காரருக்கு இவ்வளவு விவரம் தெரியாதும்மா.

— இல்ல மேடம்... போன தடவையே சார்கிட்ட நான்தான் பேசினேன். கால் மணி நேரம் விளக்கினேன். சார் நல்லா கேட்டுக்கிட்டார். எவ்வளவு நேரம் ஐஸ்ல இருந்தா கெடும்னுகூடக் கேட்டார்.

— அப்படியா?

— மறக்கக் கூடாதுன்னு இந்தத் தடவை அனுப்பின பெட்டி மேல நானே சிவப்புல எழுதி ஒட்டினேன். ஐஸ் வைக்காதீங்கன்னு. பெட்டி திரும்பி வந்தப்ப அது இல்ல மேடம். உரிச்சிருந்தது. கூரியர்ல யாராவது உரிச்சாங்களான்னு எனக்குத் தெரியல.

— கூரியர்ல உரிச்சிருக்க மாட்டாங்க.

— தப்பா எடுத்துக்காதீங்க மேடம். புதுப் பெட்டி அனுப்பட்டுமா? திங்கக்கிழமை வந்திடும்.

— அனுப்பும்மா.

— சார் பக்கத்துல இருக்காரா? ஒரு வார்த்தை சொல்லிடுறேன்.

— இருக்கார். இப்ப பேசுற மாதிரி இல்ல.

— சரி மேடம். வச்சிடுறேன்.

— டீயை முழுங்குங்க. வாயில வச்சுக்கிட்டே எவ்வளவு நேரம் இருப்பீங்க? அந்தச் சிவப்புத் தாளை என்ன பண்ணினீங்க?

— கசக்கிக் குப்பையில போட்டேன்.

— எங்க?

— கோடவுன்ல. கூரியர் ஆபீஸுக்குப் போற வழியில வண்டியைத் திருப்பிட்டேன். மூணாம் நம்பர் ரூம்ல ஒரு ராத்திரி வச்சுட்டு, காலையில எடுத்து அனுப்பினேன்.

— ஒரு ராத்திரி.

— நல்லா உறையணும்ல.

— என்ன மனுஷன் நீங்க? மூணு இடத்துல குத்தினாங்கன்னு இப்பதானே சொன்னேன். நீங்க அந்த டியூபைக் கையில வாங்கும்போது அது இன்னும் சூடா இருந்திருக்கும்.

— இருந்தது.

— அதை எடுத்துக்கிட்டுப் போய்...

— சட்டைப் பையில வச்சிருந்தேன். கோடவுன் வாசல் வரைக்கும் சூடாத்தான் இருந்தது.

— ஏன்?

— போன தடவை சத்தியமா தெரியாமதான் செஞ்சேன், டீச்சர். வெயில் காலமாச்சே, நல்லதுன்னு நினைச்சுத்தான் வச்சேன். அந்தப் பொண்ணு கூப்பிட்டுக் கெட்டுப் போச்சுன்னு சொன்னப்ப எனக்குத் தலையில இடி விழுந்த மாதிரி இருந்தது. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு வண்டியை ஓரமா நிறுத்திட்டு அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம் வந்து சொன்னேன். நீ சிரிச்ச.

— சிரிச்சேன். அதுக்கு?

— நாலாவது நம்பர் வந்தப்ப இந்த வீடு எப்படி இருந்தது? பத்து நாள் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டுது. நீ அந்தப் பக்கம் திரும்பிப் படுப்ப, நான் இந்தப் பக்கம். அஞ்சாவது இல்லன்னு ஆனதும்... ஒண்ணும் இல்ல. சாதாரணமா இருந்தோம். பால் பொங்கிடுச்சுன்னு என்னைத் திட்டின. ரேடியோவோட சேர்ந்து பாடின. ரெண்டு மாசம். எனக்கு அது பழகிடுச்சு.

— அதனால ஆறாவதையும் கொன்னுட்டீங்க.

— கொல்லல. என் வேலையே அதானே? உள்ள வச்சுக் கதவைச் சாத்தினா இருக்குறது இருக்குற மாதிரியே இருக்கும். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது.

— உங்க கோடவுன்ல உறையறது டியூப்தான். எனக்குள்ள ஓடுறது எப்படி உறையும்?

— தெரியும்.

— தெரிஞ்சுமா?

— தெரிஞ்சும்தான். ரெண்டு மடங்குன்னு ஒருத்தன் காகிதத்துல அடிச்சுக் குடுப்பான். டாக்டர் மாத்திரையை நிறுத்திடுவார். அப்புறம் ஊசி. அதையும் தாங்கலைன்னா? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லுவார். நான் கூட்டிட்டு வந்து இந்த ஹால்ல உன்னை எந்தப் பக்கம் பாத்துப் படுக்க வைக்கிறதுன்னு யோசிக்கணும். காகிதம் வராத வரைக்கும் மாத்திரை உண்டு. எனக்கு அது போதும்.

— உங்களுக்குப் போதும்.

— ஆமா. எனக்கு.

— எனக்குப் போதுமான்னு கேட்டீங்களா?

— கேட்டா நீ உண்மையைச் சொல்லிடுவ. நீ எப்பவும் அப்படித்தான்.

— அந்த மாத்திரை எப்படி இருந்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா? பக்கத்துல இருந்து பாத்தது இல்ல. எப்படி இருந்ததுன்னு?

— தெரியும்.

— தெரியாது. நகத்து ஓரமெல்லாம் வெடிச்சு, சாக்பீஸைப் பிடிச்சா எரியும். ஒரு நாள் போர்டுல முக்கோணம் போட்டேன். மூணு கோட்டுலயும் ரத்தம் இழுத்துக்கிட்டே வந்திருக்கு. எனக்குத் தெரியல. வகுப்பே அமைதியாயிடுச்சு. அந்த வாலு வகுப்பு, தெரியும்ல? ஹெட்மாஸ்டர் வந்தாலும் அடங்காத வகுப்பு. ஒரு பொண்ணு எழுந்து வந்து, நான் அழிக்கட்டுமா டீச்சர்னு கேட்டா. அரை மணிக்கு ஒரு தடவை வயிறு. பாடத்தைப் பாதியில விட்டுட்டு வராண்டாவுல ஓடுவேன். அம்பத்தஞ்சு வயசுப் பொம்பளை ஓடுறதைப் பாத்து வாட்ச்மேன் நாற்காலியை இழுத்து வழி விடுவார். அதுக்கப்புறம் அந்த நாற்காலியை வழியில போடுறதையே நிறுத்திட்டார். ஒண்ணும் சொல்லல. நல்ல மனுஷன்.

— இதையெல்லாம் என்கிட்ட ஏன் சொல்லல?

— சொன்னா நீங்க என்ன சொல்வீங்க?

— கொஞ்சம் பொறுத்துக்கோன்னு.

— உங்க பொண்ணு?

— அவளும்தான்.

— டாக்டர்?

— நம்பர் இறங்கிக்கிட்டுதானே இருக்குன்னு சொல்லுவார்.

— அவ்வளவுதான்.

— ஆனா அது பழைய கதை, டீச்சர். கையைக் காட்டு.

— விடுங்க.

— காட்டேன். பாரு. ஒரு வெடிப்புக்கூட இல்ல. நகம் எவ்வளவு அழகா வளர்ந்திருக்கு. நாலு மாசமா ராத்திரி எழுந்து ஓடுறதே இல்ல. வாய்ப்புண் இல்ல. போன வாரம் என் தட்டுல இருந்ததையும் எடுத்துச் சாப்பிட்ட.

— பசிச்சது.

— அதான் சொல்றேன். உடம்பு பழகிடுச்சு. மருந்து உள்ள போய் ஒத்துக்கிச்சு. எனக்கு இது எப்பவோ தோணியிருக்கணும். பயத்துல புத்தி வேலை செய்யல.

— என்ன தோணியிருக்கணும்?

— நம்பர் இறங்கித்தான் இருக்கும்னு. அந்தப் பாயிண்ட் ஏழு சும்மா ஒரு துள்ளல். அஞ்சாவதே பாயிண்ட் ஒண்ணா இருந்திருக்கும். நான் முட்டாள், அதை ஐஸ்ல போட்டு மூடிட்டேன்.

— போதும், விடுங்க.

— இல்ல, கேளு. திங்கக்கிழமை பெட்டி வரட்டும். செவ்வாய்க்கிழமை நான் லீவு போடுறேன். கூரியரே வேண்டாம். ரயில்ல நானே எடுத்துட்டுப் போய் அந்தப் பொண்ணு கையில குடுக்குறேன். அஞ்சு மணி நேரம்தானே? மடியில வச்சுக்கிட்டே போறேன். மன்னிப்பும் கேட்டுட்டு வர்றேன்.

— வேண்டாங்க.

— கோவம் இருக்கும். இருக்கட்டும். ஆனா இதுல விளையாடாதே. நம்பர் வேணும்னு இவ்வளவு நேரம் என்னைக் குடைஞ்சது யாரு?

— நான்தான்.

— அப்புறம் என்ன? பொண்ணுக்கும் சொல்லலாம். ஃபிரிட்ஜ்ல புதுசா எழுதிக்கட்டும்.

— அவகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க.

— ஏன்? இறங்கித்தான் இருக்கும்னு சொல்றேன்ல? வேணும்னா பந்தயம் கட்டுறியா?

— ஏறியிருக்கும்.

— வாயைக் கழுவு. எப்படித் தெரியும் உனக்கு?

— ...

— உன்னைத்தான் கேக்குறேன். ரத்தத்தைப் பாக்காம எப்படித் தெரியும், டீச்சர்?

— நாலாவது நம்பர் வந்த மறுநாள்லேர்ந்து நான் அந்த மாத்திரையைப் போடலீங்க. அதை உங்க முகத்தைப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரல. ரத்தம் சொல்லட்டும்னுதான் ரெண்டு தடவையும் கையை நீட்டினேன்.